தினம் இரண்டாயிரம் சொல்

ஐ.டி. துறையில் பத்து வருடம் குப்பை கொட்டிய யாரிடமாவது தனியாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது டீ வருவதற்குள் இப்படி ஒன்று வந்து விழும்: "உண்மையைச் சொல்லணும்னா எனக்கு ஒண்ணும் பெருசா தெரியாதுங்க. எப்படியோ ஒப்பேத்திட்டு வர்றேன். என்னைக்காவது கண்டுபிடிச்சிருவாங்க." இதைச் சொல்பவர் பெரும்பாலும் அந்த டீமிலேயே நன்றாக வேலை தெரிந்தவராக இருப்பார். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் எல்லாரும் போன் போடுவது அவருக்குத்தான். ஆனாலும் ஒவ்வொரு அப்ரைசலுக்கு முந்தைய வாரமும் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

இதற்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர். இந்தக் கட்டுரையில் 'போலி உணர்வு' என்றே எழுதுகிறேன். இந்தப் போலி உணர்வைப் போக்குவதற்கென்று ஒரு பெரிய கடைத்தெருவே இருக்கிறது. மேடைப் பேச்சுகள், இரண்டு நாள் பயிற்சி வகுப்புகள், லிங்க்ட்இன் பதிவுகள், சுயமுன்னேற்ற நூல்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒன்றுதான். நீ நினைப்பதைவிட நீ திறமைசாலி, உன் சாதனைகளைப் பட்டியல் போடு, உன்னை நம்பு. நோயாளியை மயங்க வைக்கும் அளவுக்கு இனிப்பான மருந்து. எனக்கு இதில் எப்போதும் ஒரு இடறல் உண்டு. திறமைசாலி இல்லாதவர் இதே மருந்தைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? சில நாட்கள் நாம் நிஜமாகவே மோசமாக வேலை செய்கிறோமே, அந்த நாட்களில் வரும் சந்தேகத்தையும் நோய் என்று சொல்லித் துரத்திவிடுவதா?

இந்தக் கேள்வியோடுதான் ஜான் ஸ்டைன்பெக்கின் 'வொர்க்கிங் டேஸ்' என்ற நாட்குறிப்பை வாசித்தேன். 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதிய மாதங்களில் அவர் எழுதி வைத்தது. அவர் இறந்து இருபது வருடங்களுக்குப் பிறகு, நாவலின் பொன்விழா ஆண்டான 1989-இல் ராபர்ட் டிமாட் பதிப்பித்து வந்தது. சந்தேகத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் மிக நேர்மையான புத்தகம் இது. அதே சமயம் இது சொல்லாமல் விட்ட விஷயமும் ஒன்று உண்டு. இரண்டையும் பேச வேண்டும்.

*

முதலில் அந்தச் சொல்லின் கதை. 1978-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிய அனுபவத்திலிருந்து எழுதப்பட்டது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள், தங்கள் துறையில் மதிக்கப்பட்டவர்கள், நல்ல மதிப்பெண் எடுத்த மாணவிகள். அத்தனை பேரும் தாங்கள் அந்த இடத்துக்கு அதிர்ஷ்டத்தால் வந்துவிட்டதாகவோ, தேர்வுக் குழு ஏதோ கவனக்குறைவில் தங்களைச் சேர்த்துக்கொண்டதாகவோ நம்பினார்கள்.

அந்தக் கட்டுரையில் 'சிண்ட்ரோம்' என்ற சொல் இல்லை. 'ஃபினாமினன்' என்றுதான் எழுதினார்கள், அதாவது ஒரு நிகழ்வு. மனநோய்களுக்கான அதிகாரப்பூர்வ அமெரிக்கக் கையேட்டில் இன்றுவரை இது ஒரு நோயாக இடம்பெறவில்லை. பின்னாளில் கிளான்ஸே இதை 'அனுபவம்' என்று அழைத்திருக்கலாம் என்ற கருத்துக்கு வந்தார். ஆனால் சந்தைக்கு நோய்தான் வேண்டும். நோய் இருந்தால்தானே மருந்து விற்க முடியும்? நிகழ்வு எப்படியோ சிண்ட்ரோம் ஆகிவிட்டது.

கிளான்ஸும் ஐம்ஸும் கவனித்ததில் முக்கியமான ஒன்றை இன்றைய பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் தவற விடுகின்றன. இந்த உணர்வு ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. ஒரு வேலை வருகிறது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வருகிறது. பயத்தில் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள். வேலை நன்றாக முடிகிறது. கொஞ்ச நாள் நிம்மதி. ஆனால் அந்த வெற்றி 'எனக்குத் திறமை இருக்கிறது' என்பதற்குச் சாட்சியாகப் பதிவாவதில்லை. 'அவ்வளவு பயந்து உழைத்ததால்தான் தப்பித்தேன்' என்றே பதிவாகிறது. எனவே அடுத்த முறையும் பயந்தாக வேண்டும். பயம் ஒரு சடங்காகிவிடுகிறது. பரீட்சைக்கு முன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர் ஒருமுறை உடைக்காமல் போய்ப் பார்க்கத் துணிய மாட்டார் இல்லையா, அதுபோல.

இந்த வட்டத்துக்குள் பாராட்டு எவ்வளவு கொட்டினாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். ஸ்டைன்பெக்கின் வாழ்க்கையே அதற்கு உதாரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

1938 மே மாதக் கடைசியில் ஸ்டைன்பெக் இந்த நாட்குறிப்பைத் தொடங்கும்போது அவருக்கு வயது 36. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விட்டு விட்டுப் படித்துப் பட்டம் வாங்காமலே வெளியேறியவர். ஆனால் அதற்குள் 'டார்ட்டியா ஃப்ளாட்', 'இன் டூபியஸ் பேட்டில்', 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' எல்லாம் வெளிவந்து பெயர் வாங்கிவிட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் செட்டில் ஆன எழுத்தாளர்.

உள்ளே நிலைமை வேறு. அந்த மே மாதத்தில்தான் அவர் எழுதி முடித்திருந்த ஒரு முழு வரைவை அழித்திருந்தார். 'லஃபேர் லெட்யூஸ்பெர்க்' என்பது அதன் பெயர். அவருடைய சொந்த ஊரான சலினாஸில் 1936-இல் லெட்யூஸ் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையும், அதை அடித்து நொறுக்கிய ஊர்ப் பெரிய மனிதர்களையும் கிண்டலடித்து எழுதிய அங்கதம். பதிப்பாளருக்குத் தகவல் போய்விட்டது. புத்தகம் வரப்போகிறது என்ற நிலையில், இது நேர்மையான புத்தகம் இல்லை என்று தன் முகவருக்கும் பதிப்பாளருக்கும் கடிதம் எழுதிவிட்டுக் கைப்பிரதியை ஒழித்துக்கட்டினார்.

ஏன்? அந்த வருடம் பிப்ரவரியில் கலிபோர்னியாவின் விசேலியா பகுதியில் பெருவெள்ளம். ஓக்லஹோமாவிலிருந்தும் சுற்று மாநிலங்களிலிருந்தும் வறட்சியாலும் புழுதிப் புயல்களாலும் கடனாலும் துரத்தப்பட்டு, பழம் பறிக்கும் வேலை தேடி வந்த குடும்பங்கள் தண்ணீருக்குள் கூடாரம் போட்டுப் பட்டினி கிடந்தன. ஸ்டைன்பெக் அங்கே போனார். அரசு முகாம்களை நடத்திய டாம் காலின்ஸ் என்ற அதிகாரியோடு சேர்ந்து சேற்றில் நடந்து உதவிகள் செய்தார். 1936-லேயே 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழுக்காக இந்த மக்களைப் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதியவர்தான். ஆனாலும் அந்த வெள்ளத்தில் பார்த்தவற்றுக்குப் பிறகு, பெரிய மனிதர்களைப் பார்த்துக் கிண்டலாகச் சிரிக்கும் ஒரு புத்தகம் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

லெட்யூஸ்பெர்க் விஷயத்தில் ஸ்டைன்பெக் சந்தேகப்பட்டார், சந்தேகம் சரியாக இருந்தது. 'தன்னம்பிக்கை கொள்' என்று யாராவது அன்றைக்கு அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் அந்த அங்கதம் அச்சாகியிருக்கும். ஜோட் குடும்பம் பிறந்திருக்குமா என்பது சந்தேகம்.

எங்கள் தொழிலில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. கருத்து நிரலைப் பற்றி இருக்கலாம், எழுதியவரைப் பற்றி இருக்கக் கூடாது. "இந்த ஃபங்ஷன் காலியான பட்டியல் வந்தால் உடைந்துவிடும்" என்று எழுதலாம். "நீ யோசிக்கவே மாட்டியா?" என்று எழுதக் கூடாது. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும். இரண்டாவதை வைத்துக்கொண்டு பாத்ரூமில் போய் அழத்தான் முடியும். இந்த விதியை மற்றவர்கள் விஷயத்தில் நாம் ஓரளவு கடைப்பிடிக்கிறோம். நம்மை நாமே ரிவ்யூ செய்யும்போது காற்றில் விட்டுவிடுகிறோம்.

ஸ்டைன்பெக்கிடம் இரண்டு வகைச் சந்தேகமும் இருந்தது. 'இந்தப் புத்தகம் பொய்' என்பது முதல் வகை. அது அவரை வேறொரு புத்தகத்துக்குக் கொண்டுபோனது. 'நான் எழுத்தாளனே இல்லை, இத்தனை நாள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன்' என்ற பொருளில் வருவது இரண்டாவது வகை. நாட்குறிப்பில் இரண்டாவது வகைதான் அதிகம். அது எங்கும் கொண்டுபோகவில்லை. திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

*

அப்படியானால் நாவலை எப்படி முடித்தார் என்பதுதான் இந்த நாட்குறிப்பின் சுவாரசியம்.

எழுத்தாளர் டைரி என்றதும் ஆழமான தத்துவம் இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் இருபது பக்கங்களிலேயே, "என்னங்க இது, ஆபீஸ் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் மாதிரி இருக்கு" என்று தோன்றும். நேற்று என்ன ஆனது, இன்று எந்தக் காட்சியை எழுத வேண்டும், எது தடையாக இருக்கிறது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார். தினமும் ஏறத்தாழ இரண்டாயிரம் சொல் என்பது கணக்கு. சில நாள் அதைத் தாண்டுகிறார். சில நாள் முடியாமல் போகிறது, திட்டிக்கொள்கிறார். தன் சோம்பேறித்தனத்தையும் நரம்புத் தளர்ச்சியையும் பற்றிப் புலம்பாத வாரமே இல்லை.

தடைகளின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும், அத்தனையும் நம் வீட்டுத் தடைகள். லாஸ் கேட்டோஸில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலை, சுத்தியல் சத்தம். சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிகள். மனைவிக்கு உடம்பு சரியில்லை. புது இடம் வாங்கும் பேரம். இதற்கெல்லாம் நடுவில் அவருடைய பதிப்பகமான கோவிசி-ஃப்ரீட் திவாலானது. (பதிப்பாளர் பாஸ்கல் கோவிசி பிறகு வைக்கிங் நிறுவனத்தில் சேர்ந்தார், ஸ்டைன்பெக்கும் கூடவே போனார்.) உலகப் புகழ்பெற்ற நாவல் ஒன்று எழுதப்படும் வீடு இப்படித்தான் இருந்தது.

இந்த நாட்குறிப்பை அவர் எழுதியது பெரும்பாலும் நாவலில் கை வைப்பதற்கு முன். அன்றைய பயத்தை இங்கே கொட்டிவிட்டு, அன்றைய வேலையை ஒரு வரியில் குறித்துவிட்டு, பேனாவை நாவல் பக்கம் திருப்புகிறார். இப்படி ஏறத்தாழ நூறு வேலை நாட்கள். 1938 அக்டோபர் 26 அன்று நாவல் முடிகிறது. ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் சொற்கள், கையால் எழுதப்பட்டவை.

நான் கவனித்த ஒன்று. முதல் மாதப் பதிவுகளுக்கும் கடைசி மாதப் பதிவுகளுக்கும் சந்தேகத்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதி நாவல் முடிந்ததும் "பரவாயில்லை, நம்மால முடியுது" என்ற தெம்பு வந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். வரவில்லை. மாறாக, இவ்வளவு தூரம் நன்றாக வந்ததைக் கடைசியில் கெடுத்துவிடுவோமோ என்ற புதுப் பயம் சேர்ந்துகொள்கிறது. முடித்த நாளில்கூட, நினைத்த உயரத்துக்குப் புத்தகம் வரவில்லை என்ற குறைதான் அவரிடம் இருக்கிறது. சந்தேகத்தை வென்ற பிறகு அவர் எழுதவில்லை. சந்தேகம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எழுதினார். முதலில் தன்னம்பிக்கை, பிறகு வேலை என்று வரிசை போடும் எல்லாப் புத்தகங்களுக்கும் இது நேர் எதிர்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாட்குறிப்பும் இருக்கிறது. 1951-இல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலை எழுதியபோது, நோட்டின் வலது பக்கத்தில் நாவலையும் இடது பக்கத்தில் கோவிசிக்குக் கடிதங்களையும் எழுதினார். அது 'ஜர்னல் ஆஃப் எ நாவல்' என்று 1969-இல் வெளியானது. அதுதான் அதிகம் பாராட்டப்படும் நூல், மேற்கோள் காட்டத் தோதான பகுதிகள் நிறைய. எனக்கு 'வொர்க்கிங் டேஸ்'தான் உசத்தி. அதில் எதிரில் யாரும் இல்லை. கோவிசிக்கு எழுதும்போது ஸ்டைன்பெக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்கிறார், ஒரு ஆசான் குரல் வந்துவிடுகிறது. 1938-இல் எழுதும்போது அந்தக் குரல் இல்லை. தலையைக்கூட வாரியிருக்க மாட்டார் போலிருக்கிறது.

இதனால் புத்தகத்துக்கு ஒரு குறையும் வருகிறது, மறைப்பதற்கில்லை. ஒரே புலம்பல் நூறு முறை. நடுவில் நாற்பது பக்கம் தாண்டினால் ஒன்றும் குடி முழுகாது. டிமாட்டின் விரிவான முன்னுரையும் குறிப்புகளும் இல்லையென்றால் பல பதிவுகள் யாரைப் பற்றி, எதைப் பற்றி என்றே புரியாது. நாவலை வாசிக்காதவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

*

இனி பாராட்டுக்கு வருவோம். வெற்றி கிடைத்தால் சந்தேகம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசிக்க வேண்டும்.

இது பரவலாக விற்காது, முதல் அச்சு குறைவாகப் போடுங்கள் என்று பதிப்பாளரிடம் எச்சரித்தவர் ஸ்டைன்பெக். 1939 ஏப்ரலில் வெளியான நாவல் அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவலாக ஆனது. 1940-இல் புலிட்சர். எதிர்ப்பும் அதே அளவுக்கு. கதையின் முக்கிய களங்களில் ஒன்றான கெர்ன் மாவட்டத்தில் நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தார்கள், பிரதியைக் கொளுத்தவும் செய்தார்கள். 'வொர்க்கிங் டேஸ்' நூலின் கடைசிப் பகுதி இந்த வெற்றிக்குப் பிந்தையது, 1939 அக்டோபர் முதல் 1941 வரை. புத்தகத்திலேயே இருண்ட பகுதி அதுதான். புகழ் அவரைத் தளர்த்திவிட்டது. அடுத்து என்ன எழுதுவதென்று தெரியவில்லை. திருமணமும் உடைந்துகொண்டிருக்கிறது.

1962-இல் நோபல் பரிசு. நீங்கள் இதற்குத் தகுதியானவர்தானா என்று நிருபர் ஒருவர் கேட்டதற்கு, வெளிப்படையாகச் சொன்னால் இல்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். பரிசளிப்புக்கு முந்தைய நாள் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஆர்தர் மைஸனர் என்ற விமர்சகர் அதையே கட்டுரையாக எழுதினார். முப்பதுகளின் அறப் பார்வைக்கு நோபல் தகுமா என்று. ஐம்பது வருட ரகசியக் காலம் முடிந்து ஸ்வீடிஷ் அகாதெமியின் ஆவணங்கள் 2013 தொடக்கத்தில் வெளியானபோது இன்னும் ஒரு குத்து. ராபர்ட் கிரேவ்ஸ், லாரன்ஸ் டரல், ஜான் அனூய், காரென் ப்ளிக்ஸன் ஆகியோர் அந்த வருடப் பட்டியலில் இருந்தார்கள். யாரும் தெளிவான தேர்வாகத் தெரியாத நிலையில் ஸ்டைன்பெக் சமரசத் தேர்வாக வந்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். 'உன்னைத் தேர்வு செய்தவர்கள் ஏதோ தப்பாகச் செய்துவிட்டார்கள்' என்று உள்ளுக்குள் கேட்கும் குரல் இருக்கிறதே, அதை ஆவணத்தோடு வந்து உலகமே ஆமோதித்தது. போலி உணர்வுக்கு ஆளான ஒவ்வொருவரின் கெட்ட கனவும் இதுதான். கண்டுபிடித்துவிட்டார்கள்! நோபலுக்குப் பிறகு அவர் புனைகதை எதையும் வெளியிடவில்லை. 1968-இல் இறந்தார்.

சரி, கண்டுபிடித்ததால் என்ன ஆனது? 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலின் ஒரு பக்கமாவது இதனால் மோசமானதா? நெடுஞ்சாலை 66-இல் அந்த ஓட்டை லாரி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தகுதி என்பது பரிசுக் குழுக்களின் சொல். நாவலுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. ஸ்டைன்பெக் தகுதியானவரா என்ற கேள்விக்கு விடை இல்லாமலேயே அந்த நாவலை வாசித்து, அதன் குறைகளையும் பேச முடிகிறது. எனக்கும்தான் குறைகள் தெரிகின்றன. இடையிடையே வரும் பொது அத்தியாயங்களில் சில பிரசங்கமாகிவிடுகின்றன. ஆனால் அது புத்தகத்தைப் பற்றிய பேச்சு, ஆளைப் பற்றியது இல்லை.

*

இதுவரை ஸ்டைன்பெக் பக்கமே நின்று பேசினேன். இனி கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

சந்தேகப்பட்டபடியே வேலை செய்ய முடிந்ததற்கு அவருக்குக் கிடைத்த தாங்கல்கள் என்னென்ன? மனைவி கேரல் அந்தப் பொடி எழுத்தைப் பிரித்து வாசித்துத் தட்டச்சு செய்தார், திருத்தினார். நாவலின் தலைப்பே அவர் கொடுத்தது. டாம் காலின்ஸ் முகாம் அறிக்கைகளை அள்ளிக் கொடுத்தார். அடுத்த புத்தகத்துக்குக் காத்திருக்கும் பதிப்பாளர் இருந்தார். நாவலின் சமர்ப்பணம் கேரலுக்கும் டாமுக்கும்தான், அந்த நேர்மை அவரிடம் உண்டு. ஆனால் நாட்குறிப்பை வாசிக்கும்போது எனக்கு ஒரு உறுத்தல். பக்கம் பக்கமாக அவர் கவலைப்படுவது தன்னைப் பற்றி. வெள்ளத்தில் பார்த்த நிஜமான மனிதர்கள் அதில் மிகக் குறைவாகவே எட்டிப்பார்க்கிறார்கள். 'நான் போதுமானவனா?' என்ற கேள்வி பணிவு போலத் தோன்றும். ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய் 'நான்'தான்.

அதே 1938-இல் அதே முகாம்களில் இன்னொரு எழுத்தாளரும் இருந்தார். சனோரா பாப். 1907-இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர், வறண்ட சமவெளியில் வறுமையில் வளர்ந்தவர். டாம் காலின்ஸின் கீழ் அரசின் பண்ணைப் பாதுகாப்பு அமைப்புக்காகத் தன்னார்வப் பணி செய்தார். கூடாரம் கூடாரமாகப் போய் மக்களிடம் பேசிக் குறிப்புகள் எடுத்தார். காலின்ஸ் கேட்டுக்கொண்டதால் அந்தக் குறிப்புகள் ஸ்டைன்பெக் கைக்கும் போயின. அவற்றை அவர் எந்த அளவுக்குப் பயன்படுத்தினார் என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அதே அனுபவத்திலிருந்து பாப் ஒரு நாவல் எழுதினார். ரேண்டம் ஹவுஸின் பென்னட் செர்ஃபுக்குப் பிடித்திருந்தது, வெளியிடுவதாக இருந்தார். அதற்குள் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' வந்துவிட்டது. ஒரே விஷயத்தில் இரண்டாவது புத்தகம் எடுபடாது என்று பாப்பின் நாவல் கைவிடப்பட்டது.

'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்' என்ற அந்த நாவல், 2004-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியானது. 65 வருடம் கழித்து. பாப்புக்கு அப்போது 97 வயது. அடுத்த ஆண்டின் கடைசி நாளில் இறந்தார்.

போலி உணர்வு பற்றிய பேச்சில் பாப்பை எங்கே வைப்பது? அந்த மண்ணிலிருந்தே வந்தவர். அவருக்கு முன்னால் இருந்த தடை மனத்தடை இல்லை, சந்தையின் கணக்கு. "உன்னை நம்பு" என்று அவரிடம் சொல்லியிருந்தால் கேலியாகத்தான் இருந்திருக்கும். உள்ளே வந்துவிட்டவர் 'எனக்கு இங்கே என்ன வேலை?' என்று தவிப்பதும், உள்ளே விடப்படாதவர் வாசலில் நிற்பதும் வேறு வேறு துயரங்கள். ஒரே சொல்லால் இரண்டையும் மூடினால் இரண்டாவது துயரம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ருச்சிகா துல்ஷ்யானும் ஜோடி-ஆன் ப்யூரியும் 2021-இல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரை கேட்டது ஏறக்குறைய இதைத்தான். பெண்களையும் கறுப்பினத்தவரையும் அலுவலகங்கள் அன்றாடம் அந்நியமாக நடத்திவிட்டு, பிறகு அவர்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று பயிற்சிக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று. நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். 'முதல் பட்டதாரி' சான்றிதழோடு பொறியியல் கல்லூரிக்குள் வந்து, அங்கிருந்து கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்த ஒரு பெண்ணுக்கு மீட்டிங்கில் வாய் திறக்கத் தயக்கம் என்றால், அது அவளுடைய மூளைக்குள் தானாக முளைத்த கோளாறு இல்லை. ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு உதட்டோரம் சிரித்தவர்கள், எந்தக் காலேஜ் என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பியவர்கள், 'கோட்டாவுல வந்திருப்பா' என்று காதுபடப் பேசியவர்கள் எல்லாரும் சேர்ந்து விதைத்தது. நீ போலி என்று வெளியிலிருந்து நூறு முறை சொல்லப்பட்ட ஒருவர் நூற்றியோராவது முறை அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அதை நோய் என்பதா? அங்கே சிகிச்சை தேவைப்படுவது சிரித்தவர்களுக்கு.

இதனால்தான் போலி உணர்வுக்கு ஒரே மருந்து என்ற பேச்சை நான் நம்புவதில்லை. சந்தேகம் வந்தால் அது எதைப் பற்றி என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. செய்த வேலையைப் பற்றி என்றால், லெட்யூஸ்பெர்க் போல, உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குக் காது கொடுக்காமல் தன்னம்பிக்கை வளர்த்துக்கொண்டவர்கள்தான் நம் துறையில் பல புராஜெக்ட்களைக் குட்டிச்சுவராக்கினார்கள். மற்றவர்கள் விதைத்தது என்றால், விதைத்தவரின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும், முடிந்தால் நாலு பேர் சேர்ந்து. இரண்டும் இல்லை, காரணமே இல்லாமல் 'நான் யார் இதைச் செய்ய?' என்று சுற்றிச் சுற்றி வருகிறது என்றால், அதற்கு ஸ்டைன்பெக் செய்ததைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. தேதி போட்டு, புலம்பலை நாலு வரியில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய இரண்டாயிரம் சொல்லுக்கு உட்கார்வது. அது சந்தேகத்தைக் குணப்படுத்தாது. நாவல் முடியும்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்'. பிறகு 'வொர்க்கிங் டேஸ்', நடுப்பகுதியைத் தாண்டித் தாண்டி வாசித்தாலும் போதும். மூன்றாவதாகக் கட்டாயம் சனோரா பாப்பின் நாவல். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் சட்ட அறிவிப்பில், உள்ளே குடியிருப்பவர்களின் உண்மைப் பெயர் தெரியாதபோது எழுதும் வாசகத்திலிருந்து அவர் தன் தலைப்பை எடுத்தார். தன் புத்தகம் வெளிவராத அந்த 65 வருடங்களில் அவர் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. 1958-இல் 'த லாஸ்ட் டிராவலர்' வந்தது, 1970-இல் 'ஆன் அவுல் ஆன் எவ்ரி போஸ்ட்' வந்தது. அந்த வருடங்களில் அவரும் தன்னைச் சந்தேகித்திருப்பார். அந்த நாட்களின் பதிவுகளை யாராவது 'வொர்க்கிங் டேஸ்' போலத் தனி நூலாகப் பதிப்பித்தால் முதல் பிரதி நான் வாங்குவேன்.